ஓ.டி. என்றால் திருப்பூரில் ஓவர்டைம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் நின்று ‘ஓ.டி.’ என்று சொன்னால், கேட்பவருக்கு ஒரே அர்த்தம்தான். ஓவர்டைம். காலையில் உள்ளே போனவர் சாயங்காலம் வெளியே வந்தால் ஒரு ஷிப்ட். ராத்திரி எட்டரை, ஒன்பது வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். சரக்கு கப்பல் ஏற வேண்டிய வாரம் என்றால் அதற்கு மேலும் இழுக்கும். சனிக்கிழமை சம்பளக் கவரின் கனம் அந்த ஓ.டி.யில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் அதே ஓ.டி. ஆபரேஷன் தியேட்டர் ஆகிவிடும்.

மூன்றாவதாக ஒரு ஓ.டி. இருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபி. ‘ஆக்குபேஷன்’ என்ற சொல்லைப் பார்த்து, வேலை வாங்கித் தரும் பயிற்சி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பல் துலக்குவது, பட்டன் போடுவது, சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பது, செருப்பு மாட்டுவது, பென்சில் பிடிப்பது, பத்துப் பேர் இருக்கும் இடத்தில் அழாமல் உட்காருவது என்று ஒரு மனிதரின் நாளை நிரப்பும் எல்லாமே இந்த மருத்துவத்தின் கணக்கில் ‘தொழில்’தான். பக்கவாதம் வந்தவருக்குக் கை பழக்குவதும் இவர்கள்தான், ஆட்டிசம் உள்ள குழந்தைக்குத் தலைவாரப் பழக்குவதும் இவர்கள்தான்.

ஆட்டிசம் என்பது காய்ச்சல் மாதிரி வந்து போகும் நோயல்ல. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு. பேச்சு, பழக்கம், புலன்கள் ஆகியவற்றில் அது தெரியும். ஒரு குழந்தை பேசவே பேசாது. இன்னொன்று மணிக்கணக்கில் பஸ் நம்பர் சொல்லும். இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

திருப்பூரிலிருந்து கோயம்புத்தூர் சுமார் 50 கி.மீ. ஓ.டி. படிப்பு சொல்லித்தரும் கல்லூரி அங்கே இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிகளும் அங்கேதான். அதனால் இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தெரபி என்றால் பெரும்பாலும் அவிநாசி ரோட்டில் ஒரு பஸ் பயணம். முக்கால் மணி நேரத் தெரபிக்கு அரை நாள் போய்விடும், கூடவே ஒரு ஷிப்ட் கூலியும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிக்கும், உடன் செல்லும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. ஆனால் கோவைக்கு ஓடுவது டவுன் பஸ் அல்லவே.

ஆட்டுக்காரர்களுக்கு ஒரு இடைச்செருகல்

இந்தியாவில் இந்தப் படிப்பு தொடங்கிய கதையில் விவசாயிகளுக்கு ஒரு உறவு இருக்கிறது. அமெரிக்காவில் பிறந்த எலிசபெத் லண்டி என்ற பெண், விஷ்ணு நிம்ப்கரை மணந்து கமலா நிம்ப்கர் ஆனார். 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நாட்டின் முதல் ஆக்குபேஷனல் தெரபி பள்ளியைத் தொடங்கியவர் அவர்தான். அவருடைய மகன் பி.வி.நிம்ப்கர் போனது நேர் எதிர்த் திசையில். சத்தாரா மாவட்டம் பல்தானில் நிலம் வாங்கிப் பயிர் வைத்து, 1968-ல் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தார். தக்காணி ஆட்டோடு, சுந்தரவனத்துக் காரோல் ஆட்டின் இரட்டைக்குட்டி மரபைச் சேர்த்து உருவான ‘நாரி சுவர்ணா’ செம்மறி அந்த நிறுவனத்தில் பிறந்ததுதான். தாய் மனிதர்களின் கைகால்களைப் பழக்கினார், மகன் வறண்ட பூமிக்கு ஆடு பழக்கினார். ஒரே வீட்டுக்குள் இரண்டு வேலையும் நடந்தன என்பது கொங்குப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது.

ஊரின் சத்தம், துணியின் உறுத்தல்

ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குக் காதும் தோலும் மற்றவர்களைப் போல வேலை செய்வதில்லை. சிலருக்குச் சின்னச் சத்தம் இடி மாதிரி. சிலருக்கு எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் போதாது. இந்தக் காதையும் தோலையும் வைத்துக்கொண்டு திருப்பூரைச் சுற்றி வந்தால் ஊர் வேறு மாதிரித் தெரியும்.

நிட்டிங் கம்பெனியின் வட்ட மெஷின் ஒரே சீரான ‘ஊம்’ ஓசையில் ஓடும். அதைக் கேட்டுத் தூங்கிப்போகும் குழந்தைகள் உண்டு. பல்லடம், மங்கலம், சோமனூர்ப் பக்கம் போனால் விசைத்தறி. நாடா இடமும் வலமும் அடித்து ஓடும் ‘சடக் சடக்’. தறிக்கூடத்தை ஒட்டியே வீடு இருக்கும். அந்த வீட்டில் பெரியவர்களுக்குத் தறி நின்றால்தான் தூக்கம் கலையும். ஆனால் ஒரு குழந்தை நாள் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தால், அது பிடிவாதம் அல்ல. தறி ஓடும் நேரத்தில் அந்தக் குழந்தையைப் பாட்டி வீட்டில் விட்டுப் பார்த்தால் விஷயம் இரண்டே நாளில் விளங்கிவிடும். மருந்து வாங்கும் முன் இதைச் செய்து பார்க்கலாம், செலவு கிடையாது.

இதைவிடப் பெரிய வேடிக்கை துணியில் இருக்கிறது. சட்டைக் கழுத்தில் தைத்த லேபிள் உறுத்துகிறது என்று கத்துவது, தையல் உள்பக்கம் படுகிறது என்று பனியனைக் கழற்றி எறிவது, இவையெல்லாம் ஆட்டிசம் குழந்தைகளை வளர்க்கும் எல்லா நாட்டு வீடுகளிலும் நடப்பது. அந்த லேபிளையும் ஓவர்லாக் தையலையும் உலகத்துக்கே போட்டு அனுப்பும் ஊர்களில் ஒன்று திருப்பூர். பவர் டேபிளில் உட்கார்ந்து லேபிள் வைத்துத் தைக்கும் தாய், வீட்டில் தன் மகன் ஏன் அம்மணமாக ஓடுகிறான் என்று புரியாமல் தவிப்பது இங்கே நடக்கக்கூடியதே. அதற்கு மருந்து அவர் கையிலேயே இருக்கிறது. தையலைப் பிரித்து லேபிளை முழுசாக எடுக்க வேண்டும். வெட்டினால் மிச்சமிருக்கும் ஓரம் இன்னும் அதிகமாகக் குத்தும். சட்டையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடலாம், பள்ளிக்கூடம் போகும்வரை யார் கேட்கப் போகிறார்கள்? லேபிளே தைக்காமல், கழுத்தில் சூட்டில் அச்சடித்த பனியன்களும் இதே ஊரில் தயாராகின்றன. புதுத் துணியைவிட ஏழெட்டு முறை துவைத்த பழைய பருத்திதான் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

வெளிநாட்டுத் தெரபி அறைகளில் நீண்டு கொடுக்கும் லைக்ரா துணியால் செய்த ஊஞ்சல் தொங்கும். குழந்தை உள்ளே சுருண்டுகொண்டால் துணி எல்லாப் பக்கமும் இறுக்கி அணைக்கும். அதைத் தனிச் சாமானாக விலைபோட்டு விற்கிறார்கள். நிட்டிங் துணியைக் கிலோ கணக்கில் விற்கும் ஊரில் அதற்கு அவ்வளவு செலவு செய்ய வேண்டியதில்லை. இன்னும் சொன்னால், விட்டத்தில் சேலைத் தொட்டில் கட்டி வளர்த்த எந்தப் பாட்டிக்கும் இந்தத் தத்துவம் புதிதல்ல. விட்டம் பாரம் தாங்குமா என்று பார்க்க வேண்டும், தரைக்கு ஓரடிக்கு மேல் கட்டக் கூடாது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கழுத்தில் துணி சுற்றும் ஆபத்து நிஜமானது.

‘கம்பெனிக்குப் போனதால்தான்’

குழந்தைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால் பழி முதலில் தாய் மேல்தான் விழும். “கைக்குழந்தையை விட்டுட்டுக் கம்பெனிக்குப் போனா இப்படித்தானுங்” என்று சொல்ல உறவில் ஒருவர் எப்போதும் இருப்பார். திருப்பூரில் வேலைக்குப் போகும் பெண்கள் அதிகம் என்பதால் இந்தச் சொல்லும் அதிகம்.

இதே பழியைப் படித்தவர்களே ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பரப்பினார்கள். தாயின் பாசம் குளிர்ந்துபோனதால் குழந்தை இப்படி ஆகிறது என்று 1967-ல் புரூனோ பெட்டல்ஹைம் புத்தகமே எழுதினார். அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1964-ல், அதை மறுத்து ஒருவர் எழுதியிருந்தார். அவர் பெயர் பெர்னார்டு ரிம்லாண்ட். அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த மனநூல் அறிஞர், ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பன். 1977-ல் இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு, இதில் பரம்பரையின் பங்கு பெரிது என்று காட்டியது. தாய் வேலைக்குப் போனதற்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை. தடுப்பூசிக்கும் தொடர்பில்லை. தொடர்பு உண்டு என்பது போலக் காட்டிய 1998-ம் வருடக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் பத்திரிகையே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது. ஆகவே அடுத்த குழந்தைக்கு ஊசி போடாமல் விடுவதில் பயன் இல்லை, தட்டம்மைக்கு வழிவிடுவதுதான் மிச்சம்.

சரி, எல்லாம் படித்த தெரபிஸ்ட்டோ டாக்டரோ தாயாக இருந்தால் சுலபமா? இங்கிலாந்தின் லோர்னா விங் மனநல மருத்துவர், கணவரும் மனநல மருத்துவர். 1956-ல் மகள் சூசி பிறந்தாள். கைக்குழந்தையோடு ஒருமுறை ரயிலில் போகும்போது, எதிரே உட்கார்ந்திருந்த தாயின் குழந்தை ஜன்னலுக்கு வெளியே ஆடு மாடுகளைக் கைநீட்டிக் காட்டிக் காட்டி, அம்மா பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்திருக்கிறது. சூசி அப்படி ஒருநாளும் செய்ததில்லை என்பது அந்த நொடியில்தான் உறைத்தது என்று அவர் பின்னாளில் சொன்னார். எல்லாப் படிப்பும் இருந்தும், எதிர் சீட்டுக் குழந்தைதான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 1962-ல் மற்றப் பெற்றோரோடு சேர்ந்து அவர் தொடங்கிய சங்கம் இன்று இங்கிலாந்தின் தேசிய ஆட்டிசம் சங்கம். ஆட்டிசம் ஒரே அச்சில் வார்த்ததல்ல, வானவில் போல அளவு மாறி மாறி வரும் ஒன்று என்பதை உலகம் ஏற்றுக்கொண்டதில் அவருடைய ஆராய்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஆராய்ச்சிக்கான முதல் பாடம் வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கத்தும் பிள்ளையின் முன்னால் டாக்டரும் தாய் மட்டும்தான்.

அந்த ரயில் அடையாளத்தை மனசில் வைத்துக்கொள்ளலாம். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டி எதையும் காட்டாதது, வந்த பேச்சு நின்றுபோவது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் “அவங்கப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசுனான்” என்று தள்ளிப்போடக் கூடாது.

காங்கேயம் ரோடு

திருப்பூரை விட்டுக் காங்கேயம் ரோட்டில் கிழக்கே போகப் போக டையிங் வாடை குறையும், காற்றில் தேங்காய்ப் பருப்பு காயும் மணம் வரும். வடக்கே நொய்யல் ஓடுகிறது. வெள்ளியங்கிரியில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரி சேரும் இந்த ஆறு, சாயக் கழிவால் பட்ட பாடு விவசாயிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாகிப்போனதும், நொய்யல் பாசன விவசாயிகள் கோர்ட் ஏறியதும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அதைத் தாண்டினால் கொறங்காடு. கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம், படலைச் சாத்திவிட்டால் மாடு தானே மேய்ந்துகொள்ளும். காங்கேயம் மாட்டுக்கென்றே காலம் காலமாக உருவான ஏற்பாடு. கத்தல் இல்லை, கூட்டம் இல்லை, ஹாரன் இல்லை. நகரத்தில் தெரபி அறைக்குள் செயற்கையாக உண்டாக்கும் அமைதி இங்கே ஏக்கர் கணக்கில் சும்மா கிடக்கிறது. குழந்தை ஓடலாம், வேலியைத் தாண்டாது. புல்லில் வெறுங்காலோடு நடக்க மறுக்கும் பிள்ளையை முதலில் செருப்போடு விட்டு, பிறகு ஒரு செருப்பைக் கழற்றி, ஒரு மாதம் கழித்து இரண்டையும் கழற்றி என்று மெதுவாகப் பழக்க முடியும். கொம்பு பெரிய மாட்டருகே மட்டும் விடக் கூடாது. ஆட்டுக்குட்டி போதும்.

புலன்களை ஒழுங்குபடுத்தும் பயிற்சி முறையை உருவாக்கிய ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், 1920-ல் கலிபோர்னியாவின் விசாலியாவில் பிறந்து பண்ணையில் வளர்ந்தவர். தசைக்கும் மூட்டுக்கும் பாரம் கொடுக்கும் வேலையும் ஆடும் அசைவும் குழந்தையின் உடம்பை அமைதிப்படுத்தும் என்பது அந்த வழியில் வந்தவர்கள் சொல்வது. இது எல்லாக் குழந்தைக்கும் பலித்துவிடும் என்று ஆய்வுகள் அடித்துச் சொல்லவில்லை, கலந்த முடிவுகள்தான் வந்திருக்கின்றன. ஆனால் தோட்டத்துச் சாளையில் செய்து பார்ப்பதற்கு நஷ்டம் என்ன இருக்கிறது? அரைக்குடம் தண்ணீரைத் தொட்டி வரை தூக்கிப் போவது பாரம் தூக்கும் பயிற்சி. மாட்டுக்குத் தீவனத் தட்டு இழுத்துப் போடுவதும் அதேதான். நிலக்கடலை உரிப்பது, மக்காச்சோளம் உதிர்ப்பது, புளியில் கொட்டை எடுப்பது, ராகி மாவு பிசைவது எல்லாம் விரலுக்கு. தெரபி அறையில் இதற்காகப் பிளாஸ்டிக் மணியும் களிமண்ணும் வாங்கி வைத்திருக்கிறார்கள். பென்சில் பிடிக்காத விரல், கடலை உரித்து உரித்துப் பலப்பட்ட பிறகு பென்சில் பக்கம் வர வாய்ப்பு அதிகம். மூக்கில் கடலை போட்டுக்கொள்ளும் வயதாக இருந்தால் மட்டும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

சாப்பாட்டிலும் இதே பொறுமைதான். அரிசிம்பருப்பைத் தவிர எதையும் தொடாத பிள்ளை என்றால், அந்த அரிசிம்பருப்பில்தான் ஒரு துண்டு காரட்டில் இருந்து தொடங்க வேண்டும். மூக்கைப் பிடித்து ஊட்டினால் அதையும் விட்டுவிடும்.

தெரபிஸ்ட்டிடம் போகும்போது கேட்க வேண்டிய கேள்வியும் இங்கிருந்துதான் வருகிறது. ‘எத்தனை சிட்டிங்?’ என்பதைவிட, ‘தோட்டத்தில் இருக்கிறதை வைத்து இந்த வாரம் வீட்டில் என்ன செய்யட்டும்?’ என்று கேட்பது காசைச் சேமிக்கும். நல்ல தெரபிஸ்ட் சந்தோஷப்படுவார்.

சோளக் காட்டில் எண்ணிய பையன்

ஆட்டிசம் என்ற பெயரோடு மருத்துவ ஏட்டில் முதலில் பதிவான பையன் வளர்ந்ததில் ஒரு விவசாயிக்குப் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1943-ல் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதில் முதலாமவன் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். 1933-ல் பிறந்தவன். எண்களிலும் அளவுகளிலும் பித்து, மனிதர்களிடம் ஒட்டாத குணம்.

1942-ல் பெற்றோர் அவனை ஊரிலிருந்து சுமார் பத்து மைல் தள்ளிப் பிள்ளையில்லாத ஒரு விவசாயத் தம்பதியிடம் விட்டார்கள். லூயிஸ் என்ற அந்தக் குடும்பத்துக்கு ஆட்டிசம் என்ற சொல்லே தெரிந்திருக்காது. 1945-ல் அங்கே போய்ப் பார்த்த கேனர் அசந்துபோனார். எதைப் பார்த்தாலும் அளக்கும் பையனிடம் ஒரு கிணற்றைத் தோண்டச் சொல்லி, ஆழம் எவ்வளவு என்று கணக்குச் சொல்லும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். சோளக் காட்டில் சால் சாலாக எண்ணிக்கொண்டே இருந்தவனிடம், ‘எண்ணு, ஆனால் உழுதுகொண்டே எண்ணு’ என்று குதிரையையும் ஏரையும் ஒப்படைத்திருந்தார்கள். கேனரின் கண்முன்னால் ஆறு நீளச் சால் உழுதான் பையன்.

‘எண்ணாதே’ என்று அடக்கவில்லை. எண்ணுவதை வேலைக்குள் கொண்டு வந்தார்கள். எந்தப் படிப்பும் இல்லாமல் லூயிஸ் தம்பதி கண்டுபிடித்த அந்த வழியைத்தான் நல்ல ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டும் தேடுகிறார். பாட்டிலை வரிசையாக அடுக்கும் பிள்ளையிடம் முட்டை அட்டையை அடுக்கக் கொடுக்கலாம். தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பவனுக்குச் சொட்டுநீர்க் குழாயில் எந்தச் சொட்டுவான் அடைத்திருக்கிறது என்று பார்க்கும் வேலை பொருந்தலாம். பல்லடம் கோழிப்பண்ணைக்காரர்களுக்கும் உடுமலைத் தென்னந்தோப்புக்காரர்களுக்கும் இப்படி இன்னும் நூறு வேலை தோன்றும். கம்பெனியிலும் இருக்கிறது, பிசிறு வெட்டுவது, சைஸ் பிரிப்பது, எண்ணிக் கட்டுவது என்று. சத்தமும் அவசரமும் இல்லாத ஒரு மூலையைக் கொடுக்க மேஸ்திரி மனசு வைக்க வேண்டும்.

டொனால்ட் பிறகு கல்லூரி முடித்தார், சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்தார், காரோட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாக உலகம் சுற்றினார். 2023-ல் 89 வயதில் காலமானார். அந்த வங்கி தாய்வழிக் குடும்பத்துடையது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். எல்லா டொனால்டுக்கும் வங்கி வைத்திருக்கும் தாத்தா கிடைப்பதில்லை. ஊர் அவரை அவர் போக்கில் விட்டது என்பது மட்டும் எந்த ஊரும் செய்யக்கூடியது.

கிணறு

தோட்டத்தின் நல்லதையெல்லாம் ஒரே நொடியில் பறித்துவிடக்கூடியது கிணறு. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சொல்லாமல் கிளம்பிப் போய்விடுவது மிகச் சாதாரணம். 2012-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், நான்கு வயதுக்கு மேல் ஒரு முறையாவது அப்படி ஓட முயன்றவர்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர். போகும் இடம் பெரும்பாலும் தண்ணீர். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, பி.ஏ.பி. வாய்க்கால், பண்ணைக்குட்டை மூன்றும் உள்ள பூமியில் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. கிணற்றைச் சுற்றி ஆள் உயரக் கம்பிவலையும் பூட்டும் போடுவது, எந்தத் தெரபிக்கும் முன்னால் செய்ய வேண்டிய செலவு. சாளைக் கதவுக்கு மேல் தாழ்ப்பாளும் ஒரு மணியும் வேண்டும். பூச்சிமருந்து டப்பாவைப் பூட்டி வைக்க வேண்டும், கண்டதை வாயில் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. காணாமல் போனால் ரோட்டுப் பக்கம் தேடும் முன் தண்ணீர்ப் பக்கம் ஆள் ஓட வேண்டும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வராது என்பதைத் தேடப் போகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்குக் குழந்தையைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதி ஆபத்து குறையும். மறைத்து வளர்ப்பதில் உள்ள பெரிய நஷ்டம் இதுதான்.

நீச்சல் கற்றுக்கொடுக்கலாம். கேனைக் கட்டிக் கிணற்றில் இறக்கிப் பழக்கும் மாமன்மார் கொங்கு நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். இந்தக் குழந்தைகளில் பலர் தண்ணீருக்குள்தான் மிகவும் நிம்மதியாக இருப்பார்கள்.

எங்கே போவது

தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அதன் டாக்டர் குழு வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கும் ஒரு தடவை அரசுப் பள்ளிக்கும் வரும். வரும் நாளில் சந்தேகத்தைச் சொல்லிவிட்டால், மாவட்ட அளவில் உள்ள ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். பள்ளி வயதுக் குழந்தைக்கு வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர முடியாத குழந்தைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. ஹெட்மாஸ்டரிடம் கேட்டால் பெயர் சேர்ப்பார். ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் கம்பெனிக்கு வந்து குடியிருப்பவர்களின் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். தோட்டத்து லைன் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், தமிழ் தெரியாததால் பேசவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். வீட்டு மொழியிலாவது பேசுகிறதா என்று தாயிடம் கேட்டுப் பார்க்கலாம்.

2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பெரும்பாலான சலுகைக்கு 40 சதவீதம் என்று சான்று வேண்டும். அதை வைத்து யு.டி.ஐ.டி. அட்டை. அட்டை இருந்தால் தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். படுக்கையில் சேர்ந்தால்தான் என்றில்லை, தெரபிச் செலவுக்கும் அதில் இடம் இருக்கிறது.

ஊசியில் சரியாக்குகிறோம், ஸ்டெம் செல்லில் சரியாக்குகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் பூமியை அடமானம் வைத்துக் கொடுக்க வேண்டாம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது.

பாகம் பிரிக்கும் நாள்

‘எங்களுக்குப் பின்னால் இவனை யார் பார்ப்பார்கள்?’ என்ற கேள்வியைப் பெற்றோர் தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள், வெளியே கேட்க மாட்டார்கள். விவசாயக் குடும்பத்தில் அது பூமியைப் பற்றிய கேள்வியும்தான். “அவனுக்கு என்ன தெரியும், அவன் பங்கையும் அண்ணன் பேருக்கே எழுதிடலாமுங்” என்று பாகப்பிரிவினையில் பெரியவர்கள் சொல்வது வழக்கம். அண்ணன் நல்லவனாகவே இருக்கலாம். அண்ணனுக்கும் கடன் வரும், கல்யாணம் ஆகும், வயதும் ஆகும்.

நோயோ குறையோ காரணமாக யாருக்கும் வாரிசுரிமை போகாது என்று 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆட்டிசம் உள்ள மகனுக்கும் மகளுக்கும் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமான பங்கு. 18 வயது முடிந்ததும் பெற்றோர் தானாகவே பாதுகாவலர் ஆகிவிட முடியாது. பதினெட்டு ஆனவர் தானே முடிவெடுக்க முடியாத நிலையில் இருந்தால், 1999-ம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவுக் குழுவிடம் மனு போட்டுச் சட்டப்பூர்வப் பாதுகாவலராக நியமனம் பெற வேண்டும். அப்படி நியமனம் பெற்றவர் சொத்துக் கணக்கைக் குழுவிடம் காட்ட வேண்டும். அண்ணனாக இருந்தாலும் காட்டத்தான் வேண்டும். அந்தக் கணக்குதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு. டொனால்டின் குடும்பம் வங்கி வைத்திருந்தும், அவருக்கென்று யாராலும் மாற்ற முடியாத ஒரு டிரஸ்ட் எழுதி வைத்திருந்தது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரும், நம்பகமான வக்கீலிடம் ஒரு நாள் உட்கார்ந்து, பூமி யார் பேரில், குத்தகைப் பணம் யார் கையில், யாருக்குப் பின் யார் என்று எழுதி வைக்கலாம்.

திருப்பூர் ஆட்சியர் அலுவலகம் பல்லடம் ரோட்டில் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். வரிசை, மைக், மனு எழுதுகிறவர்களின் கூச்சல் எல்லாம் அன்றைக்குத்தான். மனு கொடுக்க மட்டும் என்றால் பெரியவர்கள் போனால் போதும். பிள்ளையைக் காட்ட வேண்டி வந்தால், எந்த நாளில் கூட்டம் குறைவு என்று முன்பே போனில் கேட்டுக்கொண்டு, பழைய மெத்துப் பனியனைப் போட்டுவிட்டு, அவன் வழக்கமாகத் தின்னும் தீனியையும் எடுத்துக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் போய்விடுவது நல்லது.